தந்த முட்டி, ரப்பர் தோள், கீச்சிடும் இடுப்பு

மூட்டு மாற்று ஆபரேஷனின் வரலாறு மருத்துவப் புத்தகங்களில் ரொம்ப மரியாதையாக எழுதப்பட்டிருக்கும். கோட்டுப் போட்ட கனவான்கள் வரிசையாக வருவார்கள். பெயருக்கு முன்னால் 'சர்', பின்னால் ஏழெட்டு எழுத்து. படிக்கிறவருக்கு, இவர்களெல்லாம் ராப்பகலாக யோசித்து மனித இடுப்பைக் கடைந்தெடுத்தார்கள் என்று தோன்றும். நடந்தது அதுவல்ல. பில்லியர்ட்ஸ் மேஜையில் கொஞ்சம், பன்றிக் கசாப்பில் கொஞ்சம், நெசவு மில்லில் கொஞ்சம், பல் டாக்டரிடம் நிறைய என்று ஊர் முழுக்கக் கைமாற்று வாங்கி வளர்ந்த சிகிச்சை இது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறிய பெருமை மட்டும் சர்ஜன்களுக்கு.

அந்தக் காலத்தில் மூட்டு கெட்டுப்போக வழிகளுக்குப் பஞ்சமில்லை. காசநோய் எலும்புக்குள் புகுந்து அரிக்கும். கட்டி வரும். வாதம் முடக்கும். குதிரையிலிருந்து விழுவார்கள். வைத்தியத்துக்குத்தான் பஞ்சம். வெட்டி எடு, அவ்வளவுதான். கால் போனாலும் ஆள் பிழைத்தால் போதும் என்பார்கள். பல சமயம் இரண்டும் சேர்ந்தே போகும்.

1826-ல் பிலடெல்பியாவில் ஜான் ரேய் பார்ட்டன் என்ற சர்ஜனிடம் ஒரு மாலுமி வந்தார். கப்பலில் விழுந்து அடிபட்டு, இடுப்பு கோணலாக இறுகிப்போயிருந்தது. பார்ட்டன் ஒரு விஷயத்தைக் கவனித்து வைத்திருந்தார்: உடைந்த எலும்பை ஆட்டிக்கொண்டே இருந்தால் ஒட்டாது, ஒட்டாத இடத்தில் போலி மூட்டு ஒன்று உண்டாகிவிடும். மற்ற டாக்டர்களுக்கு அது தோல்வி. பார்ட்டன் அந்தத் தோல்வியையே சிகிச்சையாக்கினார். தொடை எலும்பின் மேல்பாகத்தை ரம்பத்தால் அறுத்தார், கொஞ்ச நாள் விட்டு ஆட்டத் தொடங்கினார். ஆபரேஷனுக்கு ஏழு நிமிஷம். ஈதர் மயக்க மருந்து வர இன்னும் 20 வருஷம் இருந்ததால் அந்த ஏழு நிமிஷத்தில் டாக்டரைவிட மாலுமிக்குத்தான் வேலை அதிகம். ஆனால் மனிதர் எழுந்து நடந்தார். சில வருஷம் கழித்து எலும்பு தன் குணத்தைக் காட்டி மறுபடி ஒட்டிக்கொண்டது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பதை ஜெர்மன்காரர்களுக்கு யார் சொன்னார்களோ, 1890-ல் பெர்லினில் தந்தத்தை எடுத்து முழங்காலுக்குள் வைத்துவிட்டார்கள். செய்தவர் தெமிஸ்தோக்ளிஸ் க்ளுக். பிறந்தது இன்றைய ருமேனியாவில், பெயர் கிரேக்கத் தளபதியுடையது, உத்தியோகம் ஜெர்மானியச் சக்கரவர்த்தியின் தலைநகரில். மே 20-ஆம் தேதி, காசநோயில் முழங்கால் அழிந்த 17 வயதுப் பெண்ணுக்கு, தந்தத்தில் கடைந்த கீல் மூட்டைப் பொருத்தினார். பிள்ளையார் ஒடித்த கொம்பில் மகாபாரதம் வந்தது, க்ளுக் வாங்கிய கொம்பில் முழங்கால் வந்தது. தந்தம் எலும்புக்குள் ஆடாமல் நிற்க, பிடில் வில்லுக்குத் தேய்க்கிற பிசின், நுரைக்கல் தூள், பிளாஸ்டர் ஆகியவற்றைக் கலந்து பூசிப் பார்த்தார். முழங்கால், மணிக்கட்டு, முழங்கை என்று மொத்தம் 14 மூட்டுகள் செய்தார்.

அதே வருஷம் ஆகஸ்டில் பெர்லினில் சர்வதேச மருத்துவ மாநாடு. உலகமே வருகிறது, க்ளுக் தன் தந்தங்களோடு மேடையேறத் தயார். அவருடைய குருநாதர் எர்ன்ஸ்ட் ஃபான் பெர்க்மான், ஜெர்மன் சர்ஜன்களின் பெரிய தலை, குறுக்கே வந்து விழுந்தார். வெளிநாட்டார் முன்னால் ஜெர்மன் விஞ்ஞானத்தின் மானத்தை வாங்க விடமாட்டேன், மீறினால் நானும் என் சிஷ்யர்களும் சேர்ந்து எதிர்ப்போம் என்று சொல்லி வாயை அடைத்தார்.

ஜெர்மன் மானம் காப்பாற்றப்பட்டதா? அதே மாநாட்டு மேடையில் ராபர்ட் கோக் எழுந்து, காசநோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து தன்னிடம் இருப்பதாக அறிவித்தார். பெயர் டியூபர்குலின். ஐரோப்பா முழுவதிலிருந்தும் நோயாளிகள் பெர்லினுக்கு ரயிலேறினார்கள். நவம்பரில் அந்த ஊசியை நோயாளிகளுக்குப் போட்டு மேடையில் விளக்கிக் காட்டியவர்களில் ஒருவர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் பெர்க்மான். மருந்து யாரையும் குணப்படுத்தவில்லை, சிலர் ஊசிக்குப் பிறகு செத்தும் போனார்கள். இன்றைக்கு அது காசநோய் இருக்கிறதா என்று பார்க்கத் தோலில் போடும் பரிசோதனை ஊசி, அவ்வளவே. கோக்குக்கு 1905-ல் நோபல் பரிசு. க்ளுக்குக்குக் கெட்ட பெயர்.

நியாயமாகப் பேசினால் பெர்க்மான் சொன்னதில் பாதி சரி. க்ளுக்கின் நோயாளிகள் அநேகமாகக் காசநோய்க்காரர்கள். கிருமி குடியிருக்கும் இடத்தில் தந்தத்தை வைத்தாலும் தங்கத்தை வைத்தாலும் சீழ்தான் பிடிக்கும். வீட்டில் கரையான் இருக்கும்போதே புதுக் கதவு போட்டார் மனிதர். கதவின் மேல் குற்றமில்லை.

இப்போது முதல் பல் டாக்டர் வருகிறார். 1893, பாரிஸ். ஜூல்ஸ் எமில் பேயான் என்ற சர்ஜன், ஆபரேஷன் தியேட்டருக்குக் கல்யாண வரவேற்புக்குப் போவதுபோல வால் கோட்டில் வருகிறவர். கழுத்தில் சாப்பாட்டு மேஜைத் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டால் முன்னேற்பாடுகள் முடிந்தன. அவரை அந்தக் கோலத்திலேயே துலூஸ்-லொத்ரெக் ஓவியமாக வரைந்து வைத்திருக்கிறார். இவரிடம் தோள் மூட்டு காசநோயால் சிதைந்த 37 வயது ரொட்டிக்காரர் ஒருவர் வந்தார். கையையே எடுத்துவிடலாம் என்றதற்கு முடியாது என்றுவிட்டார். ரொட்டி பிசைகிறவரிடம் கேட்கிற கேள்வியா அது? பேயானுக்குத் தோளைச் செய்து கொடுத்தவர் மைக்கேல்ஸ் என்ற பல் டாக்டர். பிளாட்டினக் குழாய், அதன் தலையில் பாரஃபினில் கொதிக்கவைத்துக் கெட்டியாக்கிய ரப்பர் உருண்டை. ரொட்டிக்காரரின் கை அசைந்தது. இரண்டு வருஷத்துக்குப் பின் சீழ் பிடித்து, பிளாட்டினமும் ரப்பரும் வெளியே வந்தன.

அடுத்த முப்பது வருஷம் சர்ஜன்கள் மூட்டை மாற்றுவதை விட்டுவிட்டு, இரண்டு எலும்புக்கும் நடுவில் எதையாவது செருகினால் ஒட்டாமல் இருக்குமே என்று கிளம்பினார்கள். லிவர்பூலின் ராபர்ட் ஜோன்ஸ் தங்கத் தகட்டை வைத்தார். நோயாளிக்கு அது பல வருஷம் உழைத்தது. நம் ஊராக இருந்தால் செய்கூலி, சேதாரம் எவ்வளவு என்று நோயாளியின் மாமியார் கேட்டிருப்பார். அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் பேயர் என்பவர், பதப்படுத்திய பன்றியின் மூத்திரப்பையை இடுப்புக்குள் போர்த்தினார். பேயரைப் பற்றி இன்னொன்று: ஆறாத எலும்புப் புண்ணில் உயிருள்ள புழுக்களை விட்டு அழுகலைத் தின்னவைத்ததும் இவர்தான். முதல் உலகப்போரில் புழு வைத்த காயங்களோடு வந்த சிப்பாய்கள் மற்றவர்களைவிட நன்றாக இருந்ததைக் கண்ணால் பார்த்தவர். பன்றிப்பை போய்விட்டது. புழு வைத்தியம் இன்றும் சில ஆஸ்பத்திரிகளில் உயிரோடு இருக்கிறது.

பாஸ்டனுக்கு வருவோம். நார்வேயில் பிறந்த மாரியஸ் ஸ்மித்-பீட்டர்சன் ஒரு நோயாளியின் முதுகிலிருந்து கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்தார். நெடுநாளாக உள்ளே கிடந்த அதைச் சுற்றி வழவழவென்று ஒரு சவ்வு கட்டியிருந்தது. சாதாரண சர்ஜன் துண்டைக் குப்பையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். இவர் 1923-ல் இடுப்பு மூட்டுக்குள் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தையே கவிழ்த்துவிட்டார். கிண்ணத்தின் இரு பக்கமும் புதுக் குருத்தெலும்பு வளரும், அப்புறம் கிண்ணத்தை எடுத்துவிடலாம் என்பது திட்டம். திட்டம் பிரமாதம். கண்ணாடிதான் உள்ளேயே உடைந்தது. மனிதன் நடக்கும்போது இடுப்பில் அவன் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு பாரம் இறங்குகிறது, கண்ணாடி என்ன செய்யும்!

அடுத்தது செல்லுலாயிட் வகையைச் சேர்ந்த ஒரு பொருள். யானைத் தந்தம் விலையேறிப் போனதால் பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாற்றாக வந்தது செல்லுலாயிட். க்ளுக்கின் தந்தத்திலிருந்து இந்த இடத்துக்கு வர முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்திருக்கிறது. இந்தப் பொருளை உடம்பு ஏற்கவில்லை. பிறகு சமையலறையிலிருந்து பைரெக்ஸ், மின்சாரச் சாமான் கடையிலிருந்து பேக்கலைட். எதுவும் சரிப்படவில்லை. பதினைந்து வருஷம் இப்படி ஓடியபின் 1938-ல், ஸ்மித்-பீட்டர்சனின் பல் டாக்டர் ஜான் குக், "வைட்டாலியம் பார்த்தீர்களா?" என்று ஒரு யோசனை சொன்னார். கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகம், பல்செட்டுக்குப் பயன்பட்டு வந்தது. எச்சிலில் வருஷக்கணக்காகக் கிடந்தும் துருப்பிடிக்காதது இடுப்பில் மட்டும் பிடிக்குமா? பிடிக்கவில்லை. ஸ்மித்-பீட்டர்சனின் கிண்ணம் உலகப் பிரசித்தம் ஆயிற்று.

கட்டிக்காரர்களுக்கு விடிவு வந்ததும் இந்தப் பல்செட்டு உலோகத்தால்தான். 1940 செப்டம்பரில் அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில், தொடை எலும்பின் மேல்பாகத்தைக் கட்டி தின்றுவிட்ட ஒரு கனத்த மனிதருக்கு, ஆஸ்டின் மூரும் ஹரால்ட் போல்மனும் சுமார் ஓரடி நீள வைட்டாலியம் எலும்பைச் செய்து பொருத்தினார்கள். அந்த அளவுக்கு முற்றிய கட்டி என்றால் அதுவரை பெரும்பாலும் காலையே எடுத்துவிடுவார்கள். அவர் தன் காலோடு நடந்தார்.

1946-ல் பாரிஸின் ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் தொடை எலும்பின் தலையைச் செய்தார்கள். அக்ரிலிக் எங்கிருந்து வந்தது? பல்செட்டின் ரோஸ் நிற ஈறு அதில்தான் செய்வார்கள். பல் டாக்டர் இந்தக் கதையில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் தலையை நீட்டுகிறார். முதலில் வலி போயிற்று, நோயாளிகள் கொண்டாடினார்கள். போகப்போக பிளாஸ்டிக் தேய்ந்தது, சில உடைந்தன, சில கீச்சிட்டன. ஜூடே மூட்டு வைத்துக்கொண்ட ஒருவர் சாப்பாட்டு மேஜையில் உப்பை எடுக்கக் குனிந்தாலே கீச்சென்று சத்தம். அவருடைய மனைவி அந்தச் சத்தம் தாங்காமல் அவர் இருக்கும் அறையையே தவிர்த்தாராம். கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன் என்று சொன்னவர்கள் பிளாஸ்டிக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் கீச்சு ஒரு காதில் சரியாக விழுந்தது. மான்செஸ்டர் பக்கத்து ஜான் சார்ன்லி. சத்தம் வருகிறதென்றால் உராய்கிறது என்று அர்த்தம், உராய்ந்தால் ஆட்டம் கண்டுவிடும் என்று கணக்குப் போட்டார். இவருக்கு ஆராய்ச்சி வெறி அதிகம். எலும்பு ஒட்டு எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள, சக டாக்டரை வற்புறுத்தித் தன் முழங்கால் கீழெலும்பிலேயே கத்தி வைக்கச் செய்து, அது சீழ் பிடித்து அவதிப்பட்டவர். ஆராய்ச்சி செய்ய அவருக்குக் கிடைத்த ரைட்டிங்டன் ஆஸ்பத்திரி, அதுவரை காசநோய் ஆஸ்பத்திரி. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து வந்து காசநோய்க்காரர்கள் வீட்டுக்குப் போனதால் கட்டில்கள் காலியாக இருந்தன. க்ளுக்கின் தந்தங்களைத் தின்ற நோய், போகிறபோக்கில் சார்ன்லிக்கு ஆஸ்பத்திரியை எழுதிவைத்துவிட்டுப் போனது.

எலும்புக்குள் உலோகத்தை நிறுத்தச் சிமெண்ட் வேண்டும். க்ளுக்கின் பிசின் சரிப்படாது. சார்ன்லி மான்செஸ்டர் பல் மருத்துவக் கல்லூரியின் டென்னிஸ் ஸ்மித்தைக் கேட்டார், அவர் அக்ரிலிக்கைக் கைகாட்டினார். மாவுபோலப் பிசைந்து எலும்புக்குள் அழுத்தினால் சில நிமிஷத்தில் இறுகிவிடும். இன்றைக்கும் அதுதான் எலும்புச் சிமெண்ட். வழுக்கும் கிண்ணத்துக்கு டெஃப்லான், அதாவது தோசை ஒட்டாத கல்லின் பூச்சு. சுமார் 300 பேருக்கு வைத்தார். நடந்தார்கள், வாழ்த்தினார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் டெஃப்லான் தேய்ந்து, தூள் மூட்டைச் சுற்றிப் பாலாடைக்கட்டிபோல ஊறிக் கிடந்தது. ஒவ்வொருவரையும் திரும்ப அழைத்து, தானே திறந்து, தானே எடுக்கவேண்டிய பாவம் சார்ன்லிக்கு. 1963-ல் தன் தொடைக்குள்ளேயே டெஃப்லானைப் புதைத்து அது என்ன செய்கிறது என்று பார்த்து எழுதியும் வைத்தார்.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த காட்சி இதற்கு நடுவே 1962-ல் நடக்கிறது. லங்காஷயர் நெசவு மில்களுக்குப் பல்சக்கரம் விற்கும் ஒரு விற்பனையாளர் ரைட்டிங்டனுக்கு வருகிறார். கையில் ஜெர்மனியில் தயாரான வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு, அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன். சார்ன்லி அதை வாங்கிக் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்க்கிறார். நகம் இறங்குகிறது. "நேரம் வீண்" என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போய்விடுகிறார். ஆய்வுக்கூடத்தில் ஹாரி கிரேவன் என்ற மெக்கானிக் இருந்தார். தேய்மானம் பார்க்கும் இயந்திரத்தைக் கட்டியவர். சார் வெளியூர் போன நேரமாகப் பார்த்து, அந்தத் துண்டை இயந்திரத்தில் மாட்டி இரவும் பகலும் ஓடவிட்டார். மூன்று வாரம் ஆயிற்று. டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட இது தேயவில்லை. திரும்பி வந்த சார்ன்லி இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். நவம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். 22 மில்லிமீட்டர் உலோகத் தலை, பாலிஎதிலீன் கிண்ணம், பல்செட்டுச் சிமெண்ட். அடிப்படைக் கட்டுமானம் இன்றுவரை அதுதான்.

லங்காஷயர் மில் துணி நம் ஊர்க் கைத்தறிகளை என்ன பாடு படுத்தியது என்று தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருப்போம். அந்தத் தறியின் பல்சக்கரம்தான் இன்றைக்கு நம் ஊர்ப் பாட்டிகளையும் நடக்கவைக்கிறது. கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லமாட்டேன், வட்டியில் கொஞ்சம் கழிந்தது.

சீழ்ப் பிரச்னை பாக்கி. ஆரம்பத்தில் நூற்றுக்கு ஏழு பேருக்குப் புண் கெட்டது. சார்ன்லி, மதுபான ஆலைகளுக்கும் மில்களுக்கும் காற்றைச் சுத்தம் செய்துகொடுத்த ஒரு கம்பெனியைப் பிடித்து, ஆபரேஷன் மேஜையைச் சுற்றி வடிகட்டிய காற்று மட்டும் இறங்கும் கண்ணாடிக் கூண்டு கட்டினார். எண்ணிக்கை நூற்றுக்கு ஒன்றுக்குக் கீழே இறங்கியது. வால் கோட்டு பேயான் இதைப் பார்த்திருந்தால் துண்டையாவது துவைத்துக் கட்டியிருப்பார். இன்னொரு கறாரும் உண்டு: செத்தபின் மூட்டைத் திருப்பித் தந்துவிட வேண்டும், எவ்வளவு தேய்ந்தது என்று பார்க்கவேண்டும் என்று நோயாளிகளிடமே கேட்டுவிடுவார். அவர்களும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள்.

1977-ல் சார்ன்லி, சர் ஜான் ஆனார். கிரேவன், மிஸ்டர் கிரேவனாகவே வரலாற்றில் நிற்கிறார்.

க்ளுக்கின் தந்தம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது பர்மாவுக்குப் போய் மானத்தை மீட்டுக்கொண்டது. 1960-களில் மாண்டலே பொது மருத்துவமனையில் டாக்டர் சான் பா, இடுப்பெலும்பு முறிந்தவர்களுக்குத் தந்தத்தில் கடைந்த மூட்டுகளை வைத்தார். இறக்குமதி உலோகத்தைவிட அங்கே தந்தம் சல்லிசு, கடைசல்காரர்களும் ஊரிலேயே இருந்தார்கள். முதல் நோயாளி 83 வயதுப் பௌத்தத் துறவினி. 1969-ல் லண்டனில் பிரிட்டிஷ் எலும்பு டாக்டர்கள் முன்னால் சான் பா போய் விவரம் சொன்னபோது, குந்தி உட்காரவும் சைக்கிள் மிதிக்கவும் முடிந்த நோயாளிகள் அவரிடம் இருந்தார்கள். குந்த முடிகிறதா என்பது ஐரோப்பாக்காரர்களுக்குத் தோன்றாத கேள்வி. பெர்லினில் காசநோய் மூட்டில் தோற்ற தந்தம், கிருமி இல்லாத மூட்டில் ஜெயித்தது. பெர்க்மான் அப்போது உயிரோடு இல்லை, அதுதான் குறை.

கட்டி வந்த குழந்தைகளுக்கு உலோகமே வைக்காத ஒரு வழியும் உண்டு. முழங்கால் பகுதியை எடுத்துவிட்டு, கணுக்காலைத் திருப்பி மேலே ஏற்றி முழங்காலாக ஆக்கிவிடுவார்கள். பாதம் பின்பக்கம் பார்க்கும், அதில் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு குழந்தைகள் ஓடுவார்கள். 1927-ல் போர்க்ரேவ் என்ற ஜெர்மானியர் காசநோய்ப் பையனுக்குச் செய்ததை, 1970-களில் வியன்னாவில் எலும்புப் புற்றுநோய்க்குக் கொண்டுவந்தார்கள். வட இந்தியப் பேய்களுக்குக் கால் திரும்பியிருக்கும் என்பார்கள். கணுக்கால் நன்றாக மடங்கும் மூட்டு என்பதைப் பேய்கள் முன்பே அறிந்திருக்கின்றன. உலோக வழியில் போனவர்களும் உண்டு: சென்னையில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன், கட்டி தின்ற எலும்புக்கு அளவெடுத்துச் செய்த நீண்ட உலோக மூட்டுகளைப் பொருத்திப் பலருடைய கால்களைக் காப்பாற்றினார். 2007-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது மாற்று மூட்டு இருந்தால் ஒன்று செய்யுங்கள். பல் பிடுங்கப் போகும்போது நாற்காலியில் சாய்வதற்கு முன்பே பல் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடச் சொல்லுங்கள். வாயில் இருக்கும் கிருமி ரத்தத்தில் ஏறி மூட்டில் போய் உட்காருமோ என்ற பயம் டாக்டர்களுக்கு உண்டு. மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பதை எலும்பு டாக்டரிடம் பேசி அவர் பார்த்துக்கொள்வார். அந்த மூட்டில் அவருக்கும் பங்கு உண்டு.